என்சிலெக்ஸ், விசாஸ்கிரீன், ஐ-140: எதை முதலில் முடிப்பது? (இந்தியாவில் பிறந்த நர்ஸ்களுக்கு)

மதுரை_ஐசியு

வணக்கம். பி.எஸ்சி நர்சிங், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலை. தமிழ்நாடு நர்ஸஸ் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கு, ஐசியு அனுபவம் 4 வருஷம். அமெரிக்காவுக்கு ஒரு ஏஜென்சி போட்டுக் கொடுத்த வரிசை இது: ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு), விசாஸ்கிரீன் (படிப்பு, லைசென்ஸ், ஆங்கிலம் சரிபார்த்துத் தரும் சான்று), என்சிலெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை), ஐ-140 (வேலை தருபவர் நமக்காகப் போடும் குடியேற்ற மனு), விசா. மொத்தம் 2 வருஷம்னு சொல்றாங்க. இந்த வரிசையும் காலக்கணக்கும் சரியா? கணவர், 3 வயசுப் பையன் கூட வரணும்.

கிண்டி_ஆர்என்

வரிசையும் சரியில்லை, காலக்கணக்கும் சரியில்லை சிஸ்டர். இந்தியாவில் பிறந்தவர் 2 வருஷத்தில் போய்ச் சேர இன்றைக்குப் பொதுவாக வழியே இல்லை. ஏன் என்று பார்த்துவிட்டால் எதை முதலில் முடிப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வார்டு நர்ஸுக்கான பச்சை அட்டை (நிரந்தரக் குடியேற்ற) விசா இபி-3 என்ற வேலைவாய்ப்புப் பிரிவில் வருகிறது. வேலைவாய்ப்பு வழியாக வருஷத்துக்கு மொத்தம் 1,40,000 விசா. அதில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000, இபி-3க்கு. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பதால் இந்தியாவுக்கு ஏறக்குறைய 2,800. கணவர், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அந்த 2,800க்குள்தான். ஐடிக்காரர்களும் நர்ஸ்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நர்ஸ் பற்றாக்குறை என்பதற்காகத் தனி வரிசை கிடையாது.

எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு இப்போது விசா என்று அமெரிக்க அரசு மாதா மாதம் சொல்வது விசா புல்லட்டின். 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவுக்கான இபி-3 தேதி 2013 ஆகஸ்டில் நின்றது. பெரும்பாலான மற்ற நாடுகளுக்கு 2023 ஏப்ரல். இந்தியத் தேதிக்கும் புல்லட்டின் வந்த மாதத்துக்கும் இடைவெளி 12 வருஷம் என்பதால் காத்திருப்பும் 12 வருஷம் என்று கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் மனு போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு, அது இன்னும் நீளமாகலாம்.

அதனால் இந்தியாவில் பிறந்தவர் முதலில் செய்ய வேண்டியது பிரையாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் தன் இடத்தைக் குறிக்கும் தேதியைப் பிடிப்பது. நர்ஸ் வேலை 'செட்யூல் ஏ' பட்டியலில் இருக்கிறது. உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று வேலை தருபவர் நிரூபிக்கத் தேவையில்லை, நேராக அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் ஐ-140 போடலாம். அந்த மனு போய்ச் சேர்ந்த நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட். மனுவுக்கு உங்கள் பக்கம் வேண்டியது படிப்புச் சான்றுகளும், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றும்: என்சிலெக்ஸ்-ஆர்என் (ஆர்என் என்றால் பதிவு பெற்ற நர்ஸ்) தேர்ச்சி, வேலை செய்யப்போகும் மாநிலத்தின் முழு லைசென்ஸ், அல்லது வெளிநாட்டு நர்ஸ்களின் சான்றுகளைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் அமைப்பின் சர்டிபிகேட். ஐஇஎல்டிஎஸ் இந்தக் கட்டத்தில் வேண்டாம். விசாஸ்கிரீனும் வேண்டாம்.

விசாஸ்கிரீன் கேட்பது விசா கொடுக்கும் நாளில்தான். அதன் ஆயுள் 5 வருஷம். அதற்குள் போகும் ஆங்கில மதிப்பெண்ணின் ஆயுள் 2 வருஷம். இன்றைக்கு எடுத்து வைத்தால் இரண்டுமே உங்கள் தேதி வருவதற்குள் காலாவதி. என்சிலெக்ஸ் தேர்ச்சிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே என்சிலெக்ஸ், ஐ-140, காத்திருப்பு, தேதி நெருங்கும்போது ஐஇஎல்டிஎஸ், அதன் பிறகு விசாஸ்கிரீன். இதுதான் வரிசை.

சேலம்_பிபிபிஎஸ்சி

எச்-1பி (தற்காலிக வேலை விசா) வழியா போயிட்டு அங்கிருந்தே காத்திருக்க முடியாதா? இபி-2க்கு மாறினால் சீக்கிரம் வருமா?

கிண்டி_ஆர்என்

சாதாரண வார்டு ஆர்என் வேலைக்கு எச்-1பி பொதுவாகக் கிடைக்காது. அந்த வேலையில் சேர இளநிலைப் பட்டம் கட்டாயம் என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2 வருஷ அசோசியேட் டிகிரியோடும் ஆர்என் ஆகலாம் என்பதால் அந்த வாதம் நிற்பதில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் மாதிரி உயர்நிலை வேலைகள் வேறு கதை. இது போக 2025 செப்டம்பர் அறிவிப்புப்படி வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி ஆளுக்கு 1,00,000 டாலர் கட்டணம். ஒரு வார்டு நர்ஸுக்காக எந்த ஆஸ்பத்திரியும் அதைக் கட்டப்போவதில்லை.

இபி-2க்கு வேலையே முதுநிலைப் பட்டம் கேட்க வேண்டும். நீங்கள் எம்.எஸ்சி முடித்திருப்பது மட்டும் போதாது. 2025 அக்டோபரில் இந்தியாவுக்கு இபி-2 தேதியும் 2013இல்தான் நின்றது. இதற்காக எம்.எஸ்சி சேருவதில் பயனில்லை.

ஆவணக்காரி

என்சிலெக்ஸ் முதலில் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம்ம ஊர்ப் பெண்கள் பரீட்சைக்கு முன்பே மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புச் சான்றில் 'செல்வி ஆர்'. நர்சிங் டிகிரியில் 'ஆர். செல்வி'. கவுன்சில் பதிவில் 'செல்வி ராமசாமி'. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'செல்வி ராமசாமி', சர்நேம் காலி. நமக்கு நாலும் ஒரே ஆள். அங்கே கம்ப்யூட்டருக்கு நாலு ஆள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகும். அதன் பிறகு சோஷியல் செக்யூரிட்டி (அங்கே எல்லாவற்றுக்கும் கேட்கும் அரசு எண்), லைசென்ஸ், வங்கி என்று போகிற இடமெல்லாம் அதைத் திருத்த அலைய வேண்டும். எதையும் தொடங்குவதற்கு முன் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ போட்டு, தகப்பன் பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமில் ஏற்றிவிடுங்கள். அதே எழுத்துக்கூட்டலை அமெரிக்க மாநில நர்சிங் போர்டு விண்ணப்பத்திலும், பரீட்சையை நடத்தும் பியர்சன் வியூ பதிவிலும் எழுதுங்கள். பரீட்சை அனுமதியான ஏடிடியில் உள்ள பெயரும் கையில் இருக்கும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் சென்னை சென்டரில் உள்ளேயே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போகும்.

பழைய சான்றிதழ்களைத் திருத்த வேண்டியதில்லை. இத்தனை பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று. ஒவ்வொரு பெயர் வடிவத்தையும் எழுத்து மாறாமல், எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு அதில் எழுதணும். "மேற்படி நபர்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் அஃபிடவிட் பயன்படாது.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். மார்க் ஷீட் வேறு, இது வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி மணி தனியாக, கிளினிக்கல் மணி தனியாக இருக்கணும். மெடிக்கல்-சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் இந்த நான்கிலும் இரண்டு வகை மணிகளும் தெரிய வேண்டும். கல்லூரிகள் பெரும்பாலும் தவறுவது மனநல கிளினிக்கல். பயிற்சி நடந்திருக்கும், காகிதத்தில் கம்யூனிட்டியோடு சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். அனுப்பும் முன் நகலைப் பார்த்துப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கவர் கல்லூரியிலிருந்தோ பல்கலையிலிருந்தோ நேராகப் போகணும். நம் கையில் வாங்கி நாம் கூரியர் செய்தது என்று தெரிந்தால் ஏற்கமாட்டார்கள்.

ஜிஎன்எம் (டிப்ளமோ) முடித்துவிட்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்தவர்களுக்கு இரண்டு டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும். போஸ்ட் பேசிக் மட்டும் அனுப்பினால் அடிப்படைப் பயிற்சியே இல்லை என்று மதிப்பீடு வரும். ஜிஎன்எம் மட்டும் படித்தவரும் என்சிலெக்ஸ்-ஆர்என் எழுதலாம். ஏஎன்எம் (துணை நர்ஸ் பயிற்சி) மட்டும் என்றால் முடியாது. பிளஸ் டூ நர்சிங்குக்கு வெளியே தனியாக முடித்திருக்க வேண்டும் என்பதையும் விசாஸ்கிரீன் பார்க்கும்.

திண்டுக்கல்_தம்பி

ஆண் நர்ஸ்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டா அக்கா?

ஆவணக்காரி

உண்டு தம்பி. பழைய பாடத்திட்டத்தில் மகப்பேறு வார்டுக்குப் பதில் வேறு பயிற்சி கொடுக்கப்பட்டவர்களுக்கு மகப்பேறு கிளினிக்கல் மணி பூஜ்யமாக வரும். மாநில போர்டு அதைக் குறைபாடு என்று குறிக்கும். அந்தப் பகுதியைத் தியரியும் கிளினிக்கலுமாக அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் முடித்துக் காட்ட வேண்டியிருக்கும். முடிப்பதற்கு முன்னால் அந்த போர்டிடம் எந்தக் கல்லூரி, எத்தனை மணி என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மதுரை_ஐசியு

எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது? சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாமல் முடியுமா?

கிண்டி_ஆர்என்

அந்த நம்பர் இல்லாமலும் விண்ணப்பம் வாங்குகிற மாநிலமாகப் பாருங்கள். நியூயார்க் வாங்கும், அதற்கு சிஜிஎஃப்என்எஸ் வழியாகத் தனிச் சான்று சரிபார்ப்பு உண்டு (சிஜிஎஃப்என்எஸ் 2025இலிருந்து ட்ரூமெரிட் என்ற பெயரில் இயங்குகிறது, குழம்ப வேண்டாம்). சில மாநிலங்களில் பரீட்சை எழுதலாம், ஆனால் நம்பர் வந்தால்தான் லைசென்ஸ். அதுவும் ஐ-140க்குத் தடையில்லை. என்சிலெக்ஸ் தேர்ச்சிக்கான அத்தாட்சிக் கடிதம் போதும்.

பரீட்சை: 2023 ஏப்ரலிலிருந்து புதிய வடிவம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் 5 மணி நேரம். கட்டணம் 200 டாலர், இந்தியாவில் எழுத மேலும் 150 டாலரும் வரியும். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஐசியு அனுபவம் உள்ளவர்கள் தடுமாறுவது மருந்திலோ மானிட்டரிலோ இல்லை. எந்த வேலையை எல்பிஎன்னிடமும் (ஆர்என்னுக்கு அடுத்த நிலை நர்ஸ்) உதவியாளரிடமும் விடலாம், நாலு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விகளில்தான். நம் வார்டுகளில் இந்தப் பங்கீடு வேறு மாதிரி இருப்பதால் பழக்கத்தை வைத்துப் பதில் சொன்னால் தவறும்.

யாழ்_தாதி

ஒரு விஷயத்தை ஒருவரும் சொல்லேல்லை. "இந்திய வரிசை" எண்டது குடியுரிமையைப் பாத்து இல்லை, பிறந்த நாட்டைப் பாத்து. இலங்கையில பிறந்த தாதிக்கு மற்ற நாடுகளின்ர வரிசைதான். அவைக்கு முதலாவது பதிவில உள்ள ஏஜென்சிக் கணக்கு ஓரளவுக்குக் கிட்ட வரும். ஆனபடியால் அவையள் ஐஇஎல்டிஎஸ்ஸை அவ்வளவு தள்ளிப் போடத் தேவையில்லை.

கிண்டி_ஆர்என்

மிக முக்கியமான விஷயம். இதனால் தமிழ்நாட்டிலும் பல பேருக்கு வழி திறக்கும்.

சவுதி, குவைத், அமீரகம், மலேசியா, சிங்கப்பூரில் பிறந்து, ஊரில் வளர்ந்து, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்கள் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நர்ஸ் இந்தியாவில் பிறந்து கணவர் இலங்கையிலோ வளைகுடாவிலோ பிறந்திருந்தாலும் கணவரின் பிறந்த நாட்டு வரிசையைப் பயன்படுத்தலாம், அவரும் அதே மனுவின் கீழ் கூட வருகிறார் என்றால். பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது. அது ஒரு வழிதான்.

தவறு நடக்கும் இடம்: ஏஜென்சியின் படிவத்தில் 'நாடு' என்று ஒரே கட்டம் இருக்கும். இந்தியா என்று எழுதிவிடுவோம். வக்கீல் அதைப் பார்த்து ஐ-140இல் பிறந்த நாட்டுக்கும் இந்தியா என்று நிரப்புவார். மனு போகும் முன் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். வளைகுடாவில் பிறந்தவர்களிடம் பல சமயம் இந்தியத் தூதரகப் பதிவு மட்டும்தான் இருக்கும். அந்த நாட்டு அரசு கொடுத்த பிறப்புச் சான்றும் வேண்டும். பெற்றோர் ஊர் திரும்பிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு, இப்போதே தொடங்குங்கள்.

மதுரை_ஐசியு

கணவரும் நானும் மதுரையில்தான் பிறந்தோம். அப்போ நீண்ட வரிசைதான். ஐ-140ஐ பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டி சீக்கிரம் முடிவு வாங்கும் வழி) போட ஏஜென்சி தனியாகப் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கிண்டி_ஆர்என்

தேவையில்லை. பிரீமியத்தில் 15 வேலை நாளில் முடிவு வரும், அவ்வளவுதான். பிரையாரிட்டி டேட் மனு போட்ட நாள்தான், பிரீமியத்தால் ஒரு நாள்கூட முன்னே போகாது.

உங்கள் பையனுக்கு 3 வயசு. 21 வயசைத் தாண்டினால் உங்கள் மனுவின் கீழ் வர முடியாது. பிள்ளைகளின் வயதைக் காக்கும் சிஎஸ்பிஏ சட்டப்படி, தேதி வரும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். மனு 8 மாதம் கிடந்தால் 8 மாதம் கழியும். பிரீமியத்தில் 3 வாரம்தான் கழியும். இவ்வளவு நீளமான வரிசையில் அந்த மாதங்கள் கையில் இருப்பது நல்லது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அமெரிக்காவுக்குள் இருந்தே விண்ணப்பிப்பவர்களுக்கும் வயதை புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதியை (விசா உண்மையில் கிடைக்கும் தேதி) வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். தேதி வந்து ஒரு வருஷத்துக்குள் பிள்ளைக்கான விண்ணப்ப நடவடிக்கையும் தொடங்கியாக வேண்டும்.

கோவை_காகிதம்

இதில் நான் வேறுபடுகிறேன். பிரையாரிட்டி டேட் உங்களுக்கென்று நிலைப்பது ஐ-140 அனுமதி ஆன பிறகுதான். அனுமதியான மனு இருந்தால், பின்னால் வேறு ஆஸ்பத்திரி புது ஐ-140 போடும்போதும் பழைய தேதியே வரும். முதல் ஆஸ்பத்திரி மனுவை வாபஸ் வாங்கினாலும் தேதி போகாது. மோசடி, தவறான தகவல், அல்லது அனுமதியே பிழையாகக் கொடுக்கப்பட்டது என்று அரசு ரத்து செய்தால்தான் போகும். ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போதே அந்த நிறுவனம் மூடினால் எதுவும் மிஞ்சாது. சிறிய முதியோர் இல்லங்கள், சின்ன ஸ்டாஃபிங் கம்பெனிகள் (நர்ஸை எடுத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புபவை) மனு போட்டால் பிரீமியம் வீண் செலவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் என்றால் சாதாரண வழியே போதும். நடுவில் நிலைமை மோசமானால் அப்போது பிரீமியத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

மனுவில் வேலை தருபவர் பக்கம் தவறுவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேதி பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்ற நடப்பு ஊதிய நிர்ணயத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் முதலில் வாங்கணும், அதற்கே பல மாதம் ஆகும். அது செல்லுபடியாகும் காலத்துக்குள் மனு போகணும். வேலையிடத்தில் 10 வேலை நாள் அறிவிப்பு ஒட்டணும். மனு போடுவதற்கு 30 நாளுக்கு முன்னாலும் 180 நாளுக்கு உள்ளாகவும் அது நடந்திருக்கணும். ஸ்டாஃபிங் கம்பெனி தன் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, நர்ஸை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக மனுவில் எழுதினால் மனு விழும். பிரையாரிட்டி டேட் அன்றிலிருந்து அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் சக்தி இருந்தது என்று வரிக் கணக்கும் காட்டணும்.

கிண்டி_ஆர்என்

நிறுவனத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பது நியாயம்தான், ஏற்கிறேன். ஆனால் அந்தப் பணத்தை நர்ஸிடம் கேட்கிற ஏஜென்சியிடம் எச்சரிக்கை வேண்டும்.

சேலம்_பிபிபிஎஸ்சி

ஏஜென்சிக்கு எவ்வளவுதான் கொடுக்கலாம்? ஒப்பந்தத்தில் 3 வருஷத்துக்குள் விலகினால் பெரிய தொகை கட்டணும்னு போடுறாங்களே?

கோவை_காகிதம்

இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஆளெடுப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. முகவரின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படித்தே ஆகணும். 3 வருஷம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பயிற்சி, லைசென்ஸ் மாற்றக் காலம் அதில் சேருமா. விலகல் தொகை வேலை செய்த மாதங்களுக்கேற்பக் குறையுமா, கடைசி நாள் வரை அப்படியே நிற்குமா. வாரத்துக்கு எத்தனை மணி வேலை உறுதி. 2019இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில், 25,000 டாலர் வரையிலான விலகல் தொகையைச் செல்லாத தண்டனைத் தொகை என்று தள்ளியது. ஆள் கடத்தல் தடைச் சட்டத்தின் கீழும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. அதற்காக எல்லா ஒப்பந்தமும் செல்லாது என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நியாயமான, குறைந்துகொண்டே வரும் தொகை செல்லும்.

மதுரை_ஐசியு

காத்திருக்கும் காலத்தில் இங்கிலாந்து போனால் அமெரிக்க மனு பாதிக்குமா? அங்கே வேலை செய்தால் ஐஇஎல்டிஎஸ் தேவைப்படாதுன்னு சிலர் சொல்றாங்க.

ஆவணக்காரி

மனு பாதிக்காது. ஐஇஎல்டிஎஸ் பற்றிச் சொல்வது தவறு. விசாஸ்கிரீனில் விலக்கு அமெரிக்கா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் (கியூபெக்கில் பெரும்பாலும் இல்லை) ஆங்கிலத்தில் நர்சிங் படித்தவர்களுக்குத்தான், வேலை செய்தவர்களுக்கு இல்லை. நீங்கள் இந்தியாவில் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் எழுதணும்: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் மொத்தம் 6.5, ஸ்பீக்கிங் 7. இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலான என்எம்சிக்கு இதைவிடக் கடினம். ரைட்டிங் 6.5, மற்ற மூன்றிலும் 7.

அங்கே சிபிடி (கம்ப்யூட்டர் தேர்வு) 83 பவுண்டு, ஆஸ்கி (செய்முறைத் தேர்வு) 794 பவுண்டு. ஆஸ்கியில் தனித் தனியாக 10 நிலையம். 2024க்குப் பிறகு அங்கே வெளிநாட்டு ஆளெடுப்பு நன்றாகவே குறைந்துவிட்டது. வேலைக் கடிதம் கையில் இல்லாமல் செலவில் இறங்காதீர்கள்.

எந்த நாட்டில் பதிவு எடுத்தாலும் ஒன்று: விசாஸ்கிரீன் நீங்கள் இதுவரை வைத்திருந்த ஒவ்வொரு லைசென்ஸையும், காலாவதியானதையும் சேர்த்து, அந்தந்த கவுன்சிலிடம் நேராகக் கேட்கும். சவுதியில் 2 வருஷம் பார்த்துவிட்டு வந்தால் அங்கிருந்தும் பதில் வர வேண்டும். நாடு விட்டுக் கிளம்பும் முன்னே அதற்கான லாகின், பதிவு எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டுப் பதிவையும் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மதுரை_ஐசியு

ரொம்ப நன்றி. ஐ-140 போட்ட பிறகு ஏஜென்சியிடமிருந்து என்ன வாங்கி வைக்கணும்?

கோவை_காகிதம்

யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ஐ-797 நோட்டீஸின் முழு நகல். ரசீது எண்ணும் பிரையாரிட்டி டேட்டும் அதில் தெரிய வேண்டும், எண்ணை மறைத்த நகல் வேண்டாம். அனுமதி வந்ததும் அந்த நோட்டீஸையும் வாங்குங்கள். பின்னால் வேறு ஆஸ்பத்திரி புது மனு போடும்போது பழைய தேதியைக் காட்ட அதுதான் ஆதாரம்.

மனுவிலும் பிறகு என்விசி (விசா ஆவணங்களை வாங்கும் அமெரிக்க மையம்) கணக்கிலும் யாருடைய இமெயில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்சி ஊழியர் ஒருவரின் இமெயில் இருந்து, அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், தேதி வந்த அறிவிப்பு உங்களை எட்டாது. அறிவிப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் பதிவையே ரத்து செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் சொந்த இமெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆவணக்காரி

அதோடு மூவரின் பிறப்புச் சான்றையும் இப்போதே எடுத்துப் பாருங்கள் சிஸ்டர். 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்து பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். பதிவே இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றும், பள்ளி ஆவணமும், பெற்றோர் அஃபிடவிட்டும் வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அந்த அஃபிடவிட்டை வாங்கிவிடுங்கள்.